பனிக்காலத்தில் வீட்டுக்குள் முடங்காதீர்!

ஐப்பசியில் பிடித்த அடைமழை கார்த்திகைக் கடைசியில் ஓய்கிறது. மார்கழி பிறந்ததும் பனி இறங்குகிறது. சம்பா சாகுபடி செய்யும் சிறு விவசாயிக்கு இது ஓர் இடைக்காலம். நடவு முடிந்துவிட்டது, களை எடுத்தாகிவிட்டது, மேலுரமும் பெரும்பாலும் போட்டாயிற்று. அறுவடைக்கோ இன்னும் ஆறு, ஏழு வாரங்கள் இருக்கின்றன. கையிலிருந்த பணம் உரத்துக்கும் கூலிக்கும் போய்விட்டது. வானம் மூடிக் கிடக்கிறது. திண்ணையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மனம் வருவதில்லை.

இந்த நாட்களில் கிராமங்களில் பலரிடமும் ஒரே பேச்சைக் கேட்கலாம். "ஒண்ணும் ஓடலே", "மனசே சரியில்லே", "எதுலயும் பிடிப்பில்லே" என்கிறார்கள். பசி மந்தம், இரவில் தூக்கம் சரியில்லை, பகலில் தூங்கி வழிகிறது. சின்ன விஷயத்துக்கெல்லாம் வீட்டில் கோபம். மாலையானால் சிலருக்குக் கால் தானாக மதுக்கடைப் பக்கம் போகிறது. வீட்டில் உள்ளவர்கள் இதைச் சோம்பல் என்று ஏசுகிறார்கள். உண்மையில் இது சோம்பல் அல்ல, மனச்சோர்வு. இந்தச் சோர்வுக்கு முதல் மருந்து வீட்டு வாசலைத் தாண்டினால் கிடைக்கிறது. பனிக்காலத்தில் தினமும் ஒரு வேளை வயலுக்குப் போய் வருவது பயிருக்கு எவ்வளவு அவசியமோ, அவ்வளவு விவசாயியின் மனத்துக்கும் அவசியம் என்பது எனது அபிப்பிராயம்.

குளிர் நாடுகளில் கண்டது

நார்வே நாட்டின் வட கோடியில் டிரோம்சோ என்று ஒரு நகரம் உள்ளது. அங்கே நவம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. இதுபோன்ற வட தேசங்களில் ஆண்டுதோறும் குளிர்காலம் வந்ததும் சிலருக்கு மனம் ஒடுங்கிவிடுகிறது. வசந்தம் வந்ததும் தானாகத் தெளிகிறது. 1984ல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் நார்மன் ரோசந்தாலும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைப் பருவத்தை ஒட்டி வரும் மனச்சோர்வு என்று விவரித்து எழுதினார்கள். இதற்கு அவர்கள் கையாண்ட சிகிச்சை வெளிச்சம். இன்றும் அந்நாடுகளில் காலை வேளையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் அளவுள்ள பிரகாசமான விளக்கின் முன்னால் நோயாளியை உட்கார வைக்கிறார்கள். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அளவு.

காரணம் எளிதானது. நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது, எப்போது பசிப்பது என்பதை அது நிர்ணயிக்கிறது. காலையில் கண்ணில் படும் வெளிச்சம்தான் அந்தக் கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுக்கிறது. வெளிச்சம் படாவிட்டால் கடிகாரம் தடுமாறுகிறது. உடம்பும் மனமும் அதோடு தடுமாறுகின்றன.

நம் ஊரில் என்ன?

இதைப் படித்துவிட்டு நமக்கும் அதே நோய்தான் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. தஞ்சாவூர் வட்டாரத்தில் மார்கழியில் வரும் மிகக் குறுகிய பகல்கூட ஏறக்குறைய 11½ மணி நேரம். ஆனியில் வரும் மிக நீண்ட பகல் 12¾ மணி நேரம். வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். நம் நாட்டில் சூரியன் குறைவதில்லை. நாம்தான் சூரியனிடமிருந்து ஒளிந்துகொள்கிறோம்.

தாழ்வான ஓட்டு வீட்டிலோ, குழல் விளக்கு எரியும் அறையிலோ பகலில் உள்ள வெளிச்சம் நூறு, இருநூறு லக்ஸ் அளவில்தான் இருக்கும். மேகமூட்டமான பகலில்கூட வெட்டவெளியில் அது பல ஆயிரம் லக்ஸ் ஆகிவிடும். வெயில் அடித்தால் கேட்கவே வேண்டாம். வெள்ளைக்காரன் காசு கொடுத்து விளக்கு வாங்கிப் பெறுகிற வெளிச்சம் நம் வரப்பின் மேல் இலவசமாகக் கிடக்கிறது. வாரக்கணக்கில் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பவருக்கு அது கிடைப்பதில்லை.

வெளிச்சக் குறைவு ஒரு காரணம்தான். வேறு காரணங்களும் உண்டு. கைக்கு வேலை இல்லை. பணம் வரத்து இல்லை. ஆனால் கடன்காரர் வரத்து இருக்கிறது. புயல் வருமோ, கதிர் சாயுமோ, விலை கிடைக்குமோ என்ற கவலை. பேசுவதற்கு ஆள் இல்லை. தொலைக்காட்சியும் கைப்பேசியும்தான் துணை. சும்மா படுத்திருப்பவனுக்குக் கவலை பெருகும். கவலை பெருகினால் மேலும் படுக்கத் தோன்றும். இந்தச் சக்கரத்தை எங்காவது ஓரிடத்தில் உடைக்க வேண்டும்.

"மனசு சரியாகட்டும், அப்புறம் வயலுக்குப் போகிறேன்" என்று சொல்வது ஏரைப் பின்னாலும் மாட்டை முன்னாலும் கட்டாமல் தலைகீழாகக் கட்டுவது போன்றது. முதலில் கால் நடக்க வேண்டும். மனம் பின்னால் வரும். மனநல மருத்துவர்களும் இதை ஒரு சிகிச்சை முறையாகவே கையாளுகிறார்கள். சோர்ந்தவரிடம் தினமும் செய்யக்கூடிய சிறு வேலைகளைக் குறித்துக் கொடுத்து, விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரப்படி செய்யச் சொல்கிறார்கள். வேலை முடிந்ததும் கிடைக்கும் சிறு திருப்தி அடுத்த வேலைக்கு உந்துகிறது.

உழைப்பவனுக்கு இது எதற்கு?

"நடைப்பயிற்சி எல்லாம் பட்டணத்து உத்தியோகஸ்தர்களுக்கு. பிறந்தது முதல் சேற்றில் உழைக்கிற எங்களுக்கா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் இன்றைய சாகுபடியைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். உழவுக்கு டிராக்டர், நடவுக்குப் பல இடங்களில் எந்திரம், களைக்குக் களைக்கொல்லி, அறுப்புக்கு அறுவடை எந்திரம் என்று ஆகிவிட்டது. மாடு இருந்த வீட்டில் மாடு இல்லை. மாடு இருந்தவரை மழையானாலும் பனியானாலும் புல்லறுக்கவும் தண்ணீர் காட்டவும் வெளியே போயே ஆக வேண்டும். இப்போது நடவுக்கும் அறுப்புக்கும் இடையே வயலுக்குப் போகாமலே ஒரு சாகுபடியை முடித்துவிடலாம் என்ற நிலை வந்துவிட்டது. உழைப்பு குறைந்தது நல்லதே. அதோடு சேர்ந்து வெளியே போகும் பழக்கமும் போனதுதான் நஷ்டம்.

நம் முன்னோர் இந்தப் பருவத்தில் யாரையும் வீட்டுக்குள் இருக்கவிடவில்லை. கார்த்திகையில் ஊர் கூடிச் சொக்கப்பனை கொளுத்தினார்கள். மார்கழியில் விடிவதற்கு முன்பே பெண்கள் வாசலில் கோலமிட்டுப் பூசணிப்பூ வைத்தார்கள். ஆண்களும் சிறுவர்களும் பஜனை பாடித் தெருவைச் சுற்றி வந்தார்கள். எந்த எண்ணத்தில் செய்தார்களோ, பயன் என்னவோ இதுதான்: வருடத்தில் உடம்பு சுருங்க நினைக்கும் மாதத்தில் எல்லோரும் எழுந்து வெளியே வந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பயிர் அழைக்கிறது

உடையவன் போய்ப் பார்க்காத நிலம் மனைவியைப் போல ஊடிக்கொள்ளும் என்பது வள்ளுவர் கருத்து. மார்கழியில் இது முழுக்க முழுக்கப் பொருந்தும். வயலில் வேலை இல்லை என்று நாம் நினைக்கும் இந்த மாதத்தில்தான் பயிரைக் கெடுக்கும் பல காரியங்கள் சத்தமில்லாமல் நடக்கின்றன. வேலை என்று பெயர் வைக்காவிட்டாலும் பார்க்க வேண்டியது நிறைய உள்ளது.

குளிர்ந்த இரவும், காலை வரை இலையில் நிற்கும் பனியும் குலை நோய்க்கு மிகவும் தோதானவை. இலையில் நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமுமாகக் கண் வடிவில் புள்ளிகள் தெரிந்தால் அதுவே அறிகுறி. அந்நேரத்தில் யூரியா போடுவது எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றுவதாகும். தழைச்சத்தை நிறுத்திவிட்டு வேளாண்மை அலுவலரைக் கலந்துகொள்ள வேண்டும். கதிரின் கழுத்தில் நோய் ஏறிய பிறகு பார்த்தால் பலனில்லை.

புகையான் பூச்சி வரப்பில் நின்று பார்ப்பவர் கண்ணில் படாது. அது தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். குனிந்து பயிரை விலக்கிப் பார்க்க வேண்டும். தூரிலுள்ள சிம்பு ஒன்றுக்கு ஒரு பூச்சி என்ற அளவு வந்துவிட்டால் நடவடிக்கை எடுக்க வேண்டும். சிலந்திகள் நன்றாக இருந்தால் இரண்டு வரை பொறுக்கலாம். முதல் வேலை, நிற்கும் நீரை வடிப்பது. நடும்போதே 8 அடிக்கு ஒரு அடி பட்டம் விட்டிருந்தால் உள்ளே வெளிச்சமும் காற்றும் புகும். வந்து பார்ப்பதும் சுலபம். வாரம் இருமுறை குனிந்து பார்க்கிறவருக்கு மருந்துச் செலவு மிச்சம்.

பயிர் பூட்டைப் பருவத்தில் இருக்கும்போது எலி சிம்புகளைச் சாய்வாகக் கடித்து வீழ்த்தும். வளை வாயில் புது மண் கிடந்தால் எலி உள்ளே இருக்கிறது என்று பொருள். தஞ்சாவூர்க் கிட்டியை ஏக்கருக்கு 40 வீதம் மாலையில் வைத்து, காலையில் போய் எடுக்க வேண்டும். கிட்டி வைக்கிறவர் தினம் இருமுறை வயலுக்குப் போயே தீர வேண்டும் என்பது அதில் உள்ள இன்னொரு நன்மை. தனி ஒருவர் வைப்பதைவிட மடைக்கு மடை எல்லோரும் சேர்ந்து வைத்தால்தான் எலி குறையும்.

இன்னும் கதிர் வராத தாளடி வயலுக்கு இலை வண்ண அட்டை நல்ல துணை. வாரம் ஒரு முறை, காலையில், நம் உடம்பு நிழலில் இலையை அட்டையோடு வைத்துப் பத்து இடத்தில் பார்க்க வேண்டும். நிறம் 4க்குக் கீழே இருந்தால் மட்டும் யூரியா; வெள்ளைப் பொன்னிக்கு 3க்குக் கீழே. ஒரு மணி நேர வேலை. ஒரு மூட்டை யூரியாவை மிச்சப்படுத்தினாலும் லாபம்தானே!

நெல் தரிசில் உளுந்து, பயறு விதைப்பவர்கள் விதையை இப்போதே சோதிக்கலாம். நூறு விதையை எண்ணி ஈரத்துணியில் மடித்து வைத்து, முளைத்தவற்றை எண்ண வேண்டும். 75க்குக் குறைந்தால் அந்த விதை உதவாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்தே இதைச் செய்யலாம். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது விதைக்க வேண்டியிருப்பதால், அந்தப் பதத்தைப் பிடிக்கவும் தினமும் வயலில் கால் வைத்துப் பார்க்க வேண்டும்.

நெல் இல்லாதவர்களுக்கும் வேலைக்குக் குறைவில்லை. மார்கழிப் பட்டத்தில் நிலக்கடலை போடுபவர்களுக்கு நிலம் தயாரிப்பு இருக்கிறது. கொல்லையில் அவரைப் பந்தல் இந்தக் குளிரில்தான் பூத்துக் காய்க்கிறது. இந்தக் குளிரில்தான் அசுவினியும் கொத்துக் கொத்தாக மொய்க்கிறது. தினமும் பார்த்தால் கொடி நுனியைக் கிள்ளி எறிவதோடு போய்விடும். பாராமல் விட்டால் பந்தலே கருகிவிடும். மாமரம் பூவெடுக்கத் தொடங்கும் காலமும் இது. தத்துப்பூச்சி வருகிறதா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். மாடு, ஆடு வைத்திருப்பவர்கள் ஈரக் கொட்டிலை விட்டு அவற்றை வெயிலில் கட்டி, குளம்பில் புண் உள்ளதா என்று கவனிக்க வேண்டும். மாட்டை வெயிலில் கட்டத் தெரிந்த நாம் நம்மை மட்டும் இருட்டில் கட்டிப்போடுவது என்ன நியாயம்?

நாலு பேராகப் போங்கள்

தனியாகப் போவதைவிட நாலு பேராகப் போவது மேல். 1989ல் இந்தோனேசியாவில் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனத்தின் உதவியோடு உழவர் வயல்வெளிப் பள்ளி என்ற முறை தொடங்கப்பட்டது. விவசாயிகள் வாரம் ஒருமுறை காலையில் ஒரு வயலில் கூடுவார்கள். பயிரையும் பூச்சியையும் தாங்களே எண்ணிப் பார்ப்பார்கள். கண்டதைப் படமாக வரைந்து வைத்துக்கொண்டு, அந்த வாரம் என்ன செய்வது என்று கலந்து பேசி முடிவெடுப்பார்கள். பிறகு இம்முறை நம் நாட்டுக்கும் வந்தது. பூச்சிமருந்தைக் குறைப்பதற்காக ஏற்பட்ட திட்டம் அது. ஆனால் அதில் ஒரு மனிதனை வாரம் ஒருமுறை வீட்டைவிட்டுக் கிளப்பி, வெளிச்சத்தில் நிறுத்தி, நாலு பேரோடு பேச வைக்கும் வழியும் அடங்கியிருக்கிறது.

இதற்கு அரசாங்க உத்தரவு எதுவும் தேவையில்லை. ஒரே வாய்க்காலில் பாயும் ஐந்தாறு பேர் சேர்ந்து, வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு ஒருவர் வயல் விட்டு ஒருவர் வயலைச் சுற்றி வரலாம். என் வயலில் எனக்குத் தெரியாத குறை பக்கத்து வயல்காரருக்குப் பளிச்சென்று தெரியும். சுற்றி முடித்து மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து பேசும் அரை மணி நேரத்தில் பல பாரங்கள் இறங்கிவிடும். இரண்டு வாரமாக ஒருவர் வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஆள் இருக்கும். அதுதான் இதில் முக்கியம்.

வேளாண்மைத் துறை அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மண்டபத்தில் நாற்காலி போட்டு நடத்தும் கூட்டங்களை மார்கழியில் வயல் வரப்புக்கு மாற்றுங்கள். பெண்களையும் தவறாமல் அழையுங்கள். வயல் வேலையில் பெரும்பங்கு அவர்களுடையது; வீட்டுக் கவலையின் பெரும்பங்கும் அவர்களுடையதே. ஆனால் வெளியே நின்று நாலு வார்த்தை பேசும் வாய்ப்பு அவர்களுக்குத்தான் குறைவு.

2018 நவம்பர் 16ம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தபோது, தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. வளர்த்த பிள்ளை போல இருந்த மரங்கள் தரையில் கிடப்பதைத் தனியாகப் போய்ப் பார்ப்பது எவ்வளவு கொடுமை! அத்தகைய நேரத்தில் துக்கம் விசாரிக்க வருபவர் கையில் ஒரு அரிவாளோடு வர வேண்டும். கூட நின்று இரண்டு மரத்தை அறுத்து அப்புறப்படுத்துவது பத்து ஆறுதல் வார்த்தைக்குச் சமம்.

ஜாக்கிரதையும் வேண்டும்

வெளியே போகச் சொல்வதால் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்வதாக ஆகாது. ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்களும் முதியவர்களும் பனி விலகி வெயில் வந்த பின் போனால் போதும். மற்றவர்களும் ஈரப் பயிருக்குள் இறங்கி நடப்பதைத் தவிர்த்து வரப்பிலேயே செல்வது நல்லது. பாக்டீரியா இலைக்கருகல் உள்ள வயலில் ஈரத்தோடு நடந்தால் நாமே நோயைப் பரப்புவோம். பூச்சி பார்க்க உள்ளே இறங்குவதைப் பனி காய்ந்த பின் வைத்துக்கொள்ளலாம்.

எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும். செருப்பில்லாமல் போகக்கூடாது, கையில் தடி வேண்டும், இருட்டில் டார்ச் விளக்கு கட்டாயம். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட அங்கத்தை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலில் புண் இருந்தால் தேங்கிய சேற்று நீரில் இறங்கக்கூடாது. எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கால் கழுவ வேண்டும். இடி இடித்தால் மரத்தடியில் ஒதுங்காமல், வெட்டவெளியிலும் நிற்காமல், கட்டடத்துக்குள் வந்துவிட வேண்டும்.

நடந்தும் தீராத சோர்வு

நடையால் கடன் அடையாது. விலை வீழ்ச்சிக்கும் வெள்ளச் சேதத்துக்கும் வரப்பில் நடப்பது பரிகாரம் என்று சொன்னால் அது விவசாயியை ஏமாற்றுவதாகும். அவற்றுக்கு வேறு வழிகள் வேண்டும். அவற்றுக்காகக் குரல் கொடுக்கவும் வேண்டும். ஆனால் குரல் கொடுப்பதற்கும், வங்கிக்குப் போய்ப் பேசுவதற்கும், சேதத்தை அன்றே கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவிப்பதற்கும் முதலில் மனிதன் எழுந்து நிற்க வேண்டுமே! அந்தத் தெம்பைத்தான் இங்கே பேசுகிறோம்.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால் அது நடையால் மட்டும் தீராது. அது வைத்தியம் செய்துகொள்ள வேண்டிய நோய். செய்தால் குணமாகிற நோய். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரசு மாவட்ட மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். 14416 என்ற எண்ணிலும், 104 என்ற எண்ணிலும் கட்டணமின்றித் தொலைபேசியில் பேசலாம்.

இன்னொன்றும் எல்லா வீட்டிலும் செய்ய வேண்டும். பூச்சிமருந்தையும் களைக்கொல்லியையும் படுக்கிற அறையில், பரணில், கை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். தேவைக்கு மேல் வாங்கி வைக்கவும் வேண்டாம். பெட்டியில் பூட்டி, சாவியை நிதானமுள்ள ஒருவரிடம் கொடுங்கள். குழந்தைகளுக்காகவும் இது அவசியம். மனம் உடைந்த ஒரு நாழிகை கடந்துவிட்டால் மனிதன் பிழைத்துக்கொள்வான். அந்த நாழிகையில் விஷம் கைக்கு எட்டக்கூடாது.

ஆகவே விவசாயப் பெருமக்களே, நாளைக் காலையிலிருந்தே தொடங்குங்கள். வெயில் எட்டிப் பார்த்ததும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, செருப்பை மாட்டி, பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிடுங்கள். "வேலை ஒன்றுமில்லையே" என்று அவர் சொன்னால், "வேலை இல்லாவிட்டால் என்ன, பார்த்துவிட்டு வரலாம் வாருங்கள்" என்று சொல்லுங்கள். தை பிறந்து அறுவடைக்கு ஆள் தேடும்போது பயிரும் திடமாக இருக்கட்டும்; அதை அறுக்கப் போகும் நாமும் திடமாக இருப்போம்.